முப்பத்தேழாம் வரிசையில் மஞ்சள் புள்ளி

புள்ளி இருக்கிறது. மொட்டில் சுற்றிவைத்த பஞ்சின் இழை ஒட்டியிருக்கும் என்று இடுக்கியால் வருடினேன், இழை எதுவும் வரவில்லை. மகரந்தம் உதிர்ந்திருக்கும் என்று மெதுவாக ஊதினேன், பூ ஆடியது, புள்ளியும் சேர்ந்து ஆடி நின்றது. நேற்று அடித்த மருந்தின் துளி காய்ந்திருக்கும் என்று பாட்டில் தண்ணீரில் விரலை நனைத்துத் தொட்டேன், நனைந்தபின் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நிழல்வலையின் கண் வழியாக வெயில் விழுந்து அப்படித் தெரிகிறதோ என்று உள்ளங்கையை மறைத்துப் பார்த்தேன். ஐந்து இதழ், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு ஜோடி, பச்சை கலந்த மஞ்சள், யாரோ மை தொட்டு வைத்தது போல. நடுவில் மகரந்தப் பைகள் மஞ்சள். நீலமாக இருந்திருக்க வேண்டும். மணி ஆறே முக்கால். ஒன்பதுக்குத் திட்ட அதிகாரி சபேசன் சார் வந்து நோட்டைப் பார்ப்பார். இந்த வலைக்கூடாரத்தில் அறுபது வரிசை மிளகாய் நிற்கிறது, வரிசைக்குப் பன்னிரண்டு செடி, அத்தனைக்கும் பூ எப்படி என்று எழுதுவதுதான் ஒப்பந்த உதவியாளரான என் வேலை. முப்பத்தாறு வரைக்கும் எழுதிவிட்டேன். முப்பத்தேழு காந்தாரி, அதில் இன்றைக்குத்தான் முதல் பூ, மூன்று செடியில். ஒன்றில் மட்டும் இப்படி இருந்தால் ஒரு நாற்று கலந்துவிட்டது என்று சொல்லலாம். அடுத்த செடிக்கு நகர்ந்தேன். பஞ்சை எடுத்தேன். புள்ளி. மூன்றாவதிலும் புள்ளி. நான்காவதில் பூ இல்லை, மொட்டுதான், அதை நகத்தால் பிளந்தேன், செய்யக் கூடாத வேலை, செய்தேன், மூடியிருந்த இதழுக்குள்ளேயே அது தயாராக இருந்தது.

மிளகாயைக் காயை வைத்து எல்லோரும் அடையாளம் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன், இந்த வேலைக்கான நேர்முகத்தில். சிறிசாக மேல்நோக்கி நின்றால் காந்தாரி, உருண்டையாக இருந்தால் குண்டு என்று சொல்லிக்கொண்டே போனேன், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூவரில் ஒருவர் சிரித்தார், கெட்ட சிரிப்பு இல்லை, ஆனால் சிரித்தார். காய் ஏமாற்றும் அம்மா, பூ ஏமாற்றாது என்றார். அன்று ராத்திரியே நூலகத்துப் புத்தகத்தை அகராதியோடு வைத்துக்கொண்டு மிளகாயின் ஐந்து இனங்களையும் எழுதி எழுதிப் படித்தேன். பால் வெள்ளை, கணுவுக்கு ஒரே பூ, நீல மகரந்தப் பை என்றால் அன்னுவம், நம் சம்பா மிளகாய், குண்டு, குடைமிளகாய் எல்லாம் அதற்குள் அடக்கம். வெள்ளையில் பச்சை ஓடி, காம்பு நிமிர்ந்து பூ மட்டும் தலை கவிழ்ந்திருந்தால் ஃப்ருட்டசென்ஸ், காந்தாரி அது. கணுவுக்கு மூன்று நான்கு பூ, புல்லிவட்டத்துக்குக் கீழே மோதிரம் போட்டது போல ஒரு இறுக்கம் இருந்தால் சைனென்ஸ். ஊதாப் பூ, கறுப்பு விதை என்றால் ப்யூபசென்ஸ், அது நம் வெயிலுக்கு வராது. இதழில் மஞ்சள் புள்ளி என்றால் பக்கேட்டம், அதைத் தவிர வேறு எதற்கும் அந்தப் புள்ளி கிடையாது. வேறு எதற்கும் கிடையாது. இந்த வாக்கியத்தை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் யாரும் எதையும் இவ்வளவு நிச்சயமாகச் சொல்லிக் கேட்டதில்லை. இருக்கும், பார்க்கலாம், கேட்டுச் சொல்கிறேன், இப்படித்தான் பேசுவார்கள். அம்மா சாத்தூரில் மிளகாய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் காம்பு கிள்ளப் போகிறவள், இருபது வருஷமாக வற்றல்தான் அவள் கையில். மிளகாய்க்குப் பூ இருக்கும்னே நான் நினைச்சதில்லடி என்றாள் போனில், அதப் பாக்கவா உன்னைய இவ்வளவு படிக்க வச்சாங்க. அவளிடம் இப்போது என்ன சொல்வது, பூவைப் பார்க்கத் தெரிந்ததால்தான், அம்மா, என் வேலை போகப் போகிறது என்றா. பூவைப் பார்க்கத் தெரியாதவளாக இருந்திருந்தால் காந்தாரி என்று எழுதிவிட்டு இந்நேரம் டீ குடித்துக்கொண்டிருப்பேன்.

முப்பத்தெட்டுக்குப் போனேன். அது பக்கேட்டம், இருக்க வேண்டியதே பக்கேட்டம், அங்கே புள்ளி சரி. இரண்டு வரிசைக்கும் நடுவில் நின்று இந்தப் பக்கம் ஒரு பூ அந்தப் பக்கம் ஒரு பூ என்று லென்ஸை மாற்றி மாற்றி வைத்தேன். ஒரே பூ. இலையும் ஒன்றுதான், உயரமும் ஒன்றுதான். போன மாதமே தெரிந்திருக்க வேண்டும், காந்தாரி இவ்வளவு சீக்கிரம் இடுப்புக்கு வராது. நான் நல்ல வளர்ச்சி என்று எழுதினேன். எழுதியதோடு நிற்காமல் நேற்றுச் சாயங்காலம், மறுநாள் மலரப்போகிற மொட்டாகப் பார்த்து, தேனீ வேறு மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பஞ்சு சுற்றினேன். சுத்தமாக இருக்க வேண்டும் என்று. எது சுத்தமாக. சரி, எப்படி மாறியது, அதை யோசி, அழாதே, முதலில் அதை யோசி. நட்டபோது மாறவில்லை, நட்டது நான், எண்ணிச் சொன்னது நான், பன்னிரண்டு பன்னிரண்டாக. விதைத்தபோது மாறவில்லை, அதுவும் நான்தான். தொண்ணூற்றெட்டுக் குழித் தட்டு, ஏழு குறுக்கு, பதினாலு நீளம். முப்பத்தேழுக்கு மொத்தமே பதினாலு விதை, குச்சி நட்ட மூலையிலிருந்து முதல் இரண்டு வரி. மீதிக் குழி முழுக்க முப்பத்தெட்டு. ஒரு தட்டுக்கு ஒரு குச்சி, ஐஸ் குச்சி, அது எந்த மூலையில் இருக்கிறதோ அங்கிருந்து எண்ண வேண்டும், இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். நாற்று ஒரு பக்க வெளிச்சத்துக்குச் சாய்ந்துவிடும் என்று தினமும் தட்டைத் திருப்பி வைப்பேன், தலைமாடு கால்மாடாக. யாரும் சொல்லவில்லை, புத்தகத்தில் இருந்தது. திருப்பினால் குச்சியும் சேர்ந்துதானே திரும்பும், அதனால் தப்பில்லை. தப்பில்லை. அப்புறம் நடுவதற்கு முந்தின நாள் மழை. மார்க்கர் எழுத்து அழிந்திருந்தது. குச்சியைப் பிடுங்கித் தாவணியில், இல்லை, துப்பட்டாவில் துடைத்து, பென்சிலால் எழுதினேன், பென்சில் அழியாது என்பதற்காக. எழுதும்போதே இன்னொரு கையால் தட்டைத் திருப்பினேனா. திருப்பியிருப்பேன். அன்றைய திருப்பலை நான் விட்டிருக்க மாட்டேன், ஒரு நாள்கூட விட்டதில்லை. திருப்பிவிட்டுக் குச்சியை என் கைப்பக்கம் இருந்த மூலையில் குத்தினேன். அது நினைவில் இருக்கிறது, ஈர மண்ணில் குச்சி இறங்கிய மெத்தென்ற உணர்வு கூட இருக்கிறது. மறுநாள் அந்த மூலையிலிருந்து பதினாலு எண்ணி, அதில் பன்னிரண்டை முப்பத்தேழு என்று நட்டேன், அடுத்த பன்னிரண்டை முப்பத்தெட்டு என்று நட்டேன். மறுமுனையில் கடைசி இரண்டு வரி மிச்சம், மிச்சத்தோடு மிச்சமாக.

மிச்ச நாற்றைக் குப்பைக் குழியில் கொட்டச் சொன்னது நான். பதினாலும் முளைத்திருந்தது, ஒன்றுகூடத் தவறவில்லை, அதைப் பெருமையாக சாரிடம் சொன்னேன். அந்த விதைக்கு வேறு இருப்பு கிடையாது. தை மாதம் மலையில் காப்பித் தோட்டத்துக்கு விதை சேகரிக்கப் போனபோது பவுனுத்தாய் என்கிற அம்மா கொடுத்தது. தோட்டத்தில் காப்பிப் பழம் எடுக்கிறவர். தொழிலாளர் லைன் வீட்டுக்குப் பின்னால் இரண்டு செடி நின்றதாம், ரோட்டை அகலமாக்கியபோது மண்ணோடு அள்ளிவிட்டார்களாம், அதற்கு முந்தின வாரம் பறித்து உப்பு டப்பா மூடியில் காயப்போட்டிருந்த இரண்டே பழம். கீழே எங்கேயும் அந்த மாதிரி இல்லை என்றார், கடித்தால் காதுக்குள் மணி அடிக்கும் என்று சொல்லிச் சிரித்தார். பையில் போட்டுப் பெயர் எழுதி நம்பர் போட்டபோது, கையெழுத்துப் போடவா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். ஒரே ஒரு நாத்து மட்டும் எனக்குத் திருப்பிக் குடுத்துருங்கம்மா என்றார், கஞ்சிக்குக் கடிச்சுக்க வேணும்ல. தருகிறேன் என்றேன். வைகாசியில் ஒரு தரம் போன் செய்து முளைத்ததா என்று விசாரித்தார். எல்லாம் முளைத்தது என்றேன். நீங்க படிச்சவங்க, உங்க கைக்கு முளைக்கும் என்றார். இந்த வார்த்தையைக் கேட்டு அன்று முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன். படித்தவள் தட்டைத் திருப்பினாள். படிக்காத ஒருத்தியிடம் கொடுத்திருந்தால் தட்டுமில்லை குச்சியுமில்லை, அடுப்படிக்குப் பின்னால் ஒரு பள்ளம் தோண்டிப் போட்டிருப்பாள், அது பாட்டுக்கு வந்திருக்கும்.

சீனியக்கா களைக்கொத்தோடு உள்ளே வந்தார். பண்ணையில் பதினைந்து வருஷமாகக் கூலிக்கு இருப்பவர், அந்தத் தட்டுகளைக் குழிக்குத் தூக்கிப் போனவரும் அவர்தான். நான் குனிந்தே இருப்பதைப் பார்த்து வழக்கம்போல ஆரம்பித்தார், பூவுக்கே கண்ணாடி வச்சுப் பாக்கற புள்ள, நாளைக்கு மாப்பிள்ளைய எதுல வச்சுப் பாப்பியோ என்று. மற்ற நாள் என்றால் சிரிப்பேன். அக்கா, ஆடியில் இந்த வரிசைத் தட்டின் மிச்ச நாற்றைக் கொட்டினீர்களே, அதில் ஏதாவது வீட்டுக்கு எடுத்துப் போனீர்களா என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது. திருடினதாகக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். குப்பையில போறதுதான என்று இழுத்தார். இல்லையக்கா, எடுத்திருந்தால் நல்லது, எடுத்திருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன் என்றேன், என் குரல் எனக்கே பிச்சை கேட்பது போல இருந்தது. நாலு நாற்று எடுத்தாராம். தட்டின் எந்தப் பக்கத்திலிருந்து என்றேன். ஓரத்தில் இருந்ததைத்தான் பிடுங்கினேன், நடுவில் கைவிட்டால் மற்றது ஒடியுமே என்றார். ஓரம். ஓரம் என்றால் இந்த ஓரமா அந்த ஓரமா, இந்த ஓரத்தில் இருந்ததைத்தான் நான் முன்பே நட்டுவிட்டேன், அப்படியென்றால் பாதிக்கு மேல் வாய்ப்பு, பெயின்ட் வாளியில் வைத்தாராம், இரண்டு செத்துப்போய் இரண்டு பிழைத்தது, குட்டையாகவே நின்றது என்றார், குட்டையாக, காந்தாரி குட்டையாகத்தான் நிற்கும், பூத்ததா அக்கா என்றேன். பூத்துச்சு. எப்படி இருந்தது பூ. பூவு பூ மாதிரிதேன் இருந்துச்சு என்றார். அப்புறம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பவர் போலக் களைக்கொத்தின் மண்ணைச் சுரண்டினார்.

"இலை பூராம் சுருட்டிக்கிருச்சுத்தா. நீதான சொல்லியிருந்த, சுருட்டை கண்டா வேரோட புடுங்கி எரிச்சுப்புடணும், இல்லாட்டி பக்கத்துக்குப் பரவும்னு. ரெண்டையும் எரிச்சுட்டேன். போன வெள்ளிக்கிழம."

நான்தான் சொன்னேன். ஆனி மாதம் ஆட்கள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, நோயுள்ள செடியைக் காட்டி, என் முதல் பாடம் அது. பதினோரு பேர் கேட்டார்கள், சீனியக்கா ஒருவர்தான் மனதில் வாங்கியிருக்கிறார். நல்ல காரியம் செய்தீர்கள் அக்கா என்றேன், அது உண்மை, செய்ய வேண்டியது அதுதான். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை விட்டு அந்தக் கடைசிக்குப் போய்க் களை வெட்ட உட்கார்ந்தார். நான் மறுபடியும் முப்பத்தேழின் முன்னால் உட்கார்ந்தேன். ஏழே முக்கால். எட்டு. நோட்டு மடியில் திறந்திருக்கிறது, இதழ் நிறம், புள்ளி, மகரந்தப் பை, கணுவுக்கு எத்தனை, கட்டம் கட்டமாகக் காலியாக. எழுதாமல் விடலாம், இன்னும் பூக்கவில்லை என்று. மத்தியானத்துக்குள் இந்த மூன்றும் வாடிவிடும், நாளை இன்னும் ஐந்து பூக்கும். பூவைக் கிள்ளிப்போடலாம், தினமும் வந்து கிள்ளலாம், பன்னிரண்டு செடியில் எத்தனை பூ, கிள்ளக் கிள்ள அது இன்னும் பூக்கும், மிளகாயின் குணம் அது. அல்லது காந்தாரி என்றே எழுதலாம். யார் வந்து பார்க்கப் போகிறார்கள். விதையை எடுத்து உறையில் போட்டு முப்பத்தேழு என்று குளிர்பெட்டியில் வைத்தால் பத்து வருஷம் கழித்து யாரோ ஒரு பிள்ளை, என்னைப் போலவே லென்ஸும் பயமுமாக, அதை விதைத்துப் பூ வந்த காலையில் தன் கைதான் தவறு செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் எந்தத் தட்டையும் திருப்பியிருக்க மாட்டாள். அதை நினைத்ததும் எழுதினேன். வெள்ளை. புள்ளி, மஞ்சள். மகரந்தப் பை, மஞ்சள். குறிப்பு என்ற இடத்தில், இது பக்கேட்டம், நாற்றங்காலில் என்னால் மாறியது, அசல் இப்போது இல்லை என்று எழுதி, பேனாவை மூடினேன். எழுதினால் பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. ஒன்றும் இறங்கவில்லை. எழுத்து அழகாக வந்திருந்தது, அவ்வளவுதான்.

சபேசன் சார் ஒன்பதேகாலுக்கு வந்தார். நான் எழுந்து நின்று, மனப்பாடம் செய்ததை எல்லாம் மறந்து, முப்பத்தேழு தப்பு சார் என்று மட்டும் சொன்னேன். நோட்டை வாங்கிப் படித்தார். குனிந்து தானே ஒரு பஞ்சை எடுத்து, லென்ஸ் கேட்காமல், வெறும் கண்ணால் பூவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்த மாதிரி இருந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை, திட்டியிருந்தால் இது எங்கள் இரண்டு பேருக்குள் முடிகிற விஷயமாக ஆகியிருக்கும். எப்படி ஆனது என்றார். மழை, குச்சி, திருப்பியது, எல்லாம் சொன்னேன். வெள்ளிக்கிழமைதான் ஆறு மாத அறிக்கை போனது, அதில் முப்பத்தேழு ஃப்ருட்டசென்ஸ் என்று போய்விட்டது என்றார். இந்தத் திட்டத்தில் உன்னோடு சேர்த்து நான்கு பேருடைய சம்பளம் இருக்கிறது என்றார். பிறகு, அடுத்த அறிக்கையில் வரிசை நோயில் போய்விட்டது என்று காட்டிக்கொள்ளலாம், எழுதியதை அடிக்க வேண்டாம், இந்த நோட்டை யாரும் கேட்க மாட்டார்கள், இந்தப் பன்னிரண்டையும் சாயங்காலம் பிடுங்கச் சொல்லிவிடு என்றார். என் ஒப்பந்தம் சார் என்றேன். மாதக் கடைசியில் பேசுவோம் என்றார். குரலில் கோபமே இல்லை. களைப்பு இருந்தது, இவருக்கும் இப்படி ஒரு வரிசை எங்கேயோ இருந்திருக்கும் என்று தோன்றியது. நாலடி போனவர் நின்றார்.

"தனக்கொடி, இந்த ஒரு தட்டைத்தான் திருப்பினியா?"

"எல்லாத் தட்டையும் திருப்பினேன் சார்."

"குச்சி?"

"அன்னைக்கு மழையில எல்லாமே அழிஞ்சிருந்துச்சு."

அவர் தலையை ஆட்டினார், ஆமாம் என்பதற்கா இல்லை என்பதற்கா என்று தெரியாத ஆட்டல். வலைக்கதவை மூடிவிட்டுப் போய்விட்டார். முப்பத்தொன்பதின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். முப்பத்தாறு வரைக்கும் தட்டுக்கு இரண்டு இனம், மாறியிருந்தால் பூவே சொல்லியிருக்கும். முப்பத்தொன்பதிலிருந்து அறுபது வரை எல்லாம் அன்னுவம். எல்லாம் சம்பா. ராமநாதபுரம், முதுகுளத்தூர், கமுதி, விளாத்திகுளம் என்று இருபத்திரண்டு ஊர்ச் சம்பா, ஒரே நீளம், ஒரே சிவப்பு, ஒரே இலை, இதில் எது தண்ணீர் இல்லாமல் தாங்கும் என்று பார்த்துச் சொல்லத்தான் இந்தத் திட்டமே. தட்டுக்கு இரண்டு ஊர். பதினோரு தட்டு. பதினோரு குச்சி, எல்லாவற்றையும் பிடுங்கித் துடைத்து எழுதிக் குத்தினேன், எந்த மூலையில் என்று யோசித்துப் பார்க்கிறேன், கைதான் தெரிகிறது, மூலை தெரியவில்லை. சில தட்டைத் திருப்புவதற்கு முன்னால் குத்தியிருக்கலாம், சிலதைத் திருப்பிய பின்னால். மாறியிருந்தால் முப்பத்தொன்பது நாற்பதில் நிற்கும், நாற்பது முப்பத்தொன்பதில், அது தெரிய ஒரு வழியும் கிடையாது. காய் வந்தாலும் தெரியாது. காந்தாரியும் பக்கேட்டமும் வேறு வேறு என்பதால்தான் ஒரு புள்ளி வந்து என்னைக் காட்டிக்கொடுத்தது, இங்கே காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. யாரும் என்னை ஏன் என்று கேட்கப் போவதில்லை, எல்லாம் சரியாக இருக்கும், வருஷா வருஷம் சரியாகவே இருக்கும். மொட்டின் பஞ்சை எடுக்கிறேன். பூ நன்றாக விரிந்திருக்கிறது. இதழ் ஐந்து, பால் வெள்ளை. லென்ஸை வைத்து அடிவரை பார்க்கிறேன், ஏதாவது ஒரு கறையாவது இருக்கக் கூடாதா என்று பார்க்கிறேன். புள்ளி இல்லை. மகரந்தப் பை நீலம். கணுவுக்கு ஒன்று. பார்த்ததை எழுதுகிறேன், எழுதியது எல்லாம் உண்மை. நாற்பதுக்கு நகர்கிறேன். பஞ்சை எடுக்கிறேன். வெள்ளை.